ஜாக்ஸன் ஹைட்ஸில் 1920-களின் தோட்டக் குடியிருப்பு, இரண்டு படுக்கையறை கோ-ஆப் விலைக்கு: கையெழுத்துக்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

#1 பிச்சிப்பூ

வணக்கம். நியூயார்க் குவீன்ஸ் பகுதியில், ஜாக்ஸன் ஹைட்ஸ் பாரம்பரிய வட்டாரத்துக்குள் ஒரு கோ-ஆப் வீடு விலைக்கு வந்திருக்கிறது. 1920-களில் கட்டியது. ஆறு மாடி, செங்கல் கட்டடம், மேலே சாய்வான ஸ்லேட் கூரை. வீடு நான்காம் மாடியில். ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் உள்தோட்டம். ஒன்பது அடி உயரக் கூரை, ஓரத்தில் வால்நட் பட்டை பதித்த ஓக் தரை, நீராவி ரேடியேட்டர். கேட்கும் விலை 5,75,000 டாலர். மாத மெயின்டனன்ஸ் 890 டாலர்.

கண்ணில் பட்டவை: வரவேற்பறைக் கூரையில் மயிரிழை விரிசல்கள், படுக்கையறையில் இரண்டு துளை பிளக் மட்டும், குளியலறை வெந்நீர் மெதுவாக வருகிறது. துணி துவைக்கும் இயந்திரம் வைக்க ஆசை. முன்பணத்தில் ஒரு பகுதி ஊரிலிருந்து பெற்றோர் அனுப்புவது. 890 மிகக் குறைவு என்று ஏஜென்ட் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது நல்லதுதானே?

#2 கணக்குப்பிள்ளை

890 நல்லதா கெட்டதா என்பதை வீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, கட்டடத்தின் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கோ-ஆப்பில் நீங்கள் வாங்குவது வீட்டுப் பத்திரம் அல்ல. கட்டடத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் பங்குகளும், அந்தப் பங்குகளோடு ஒட்டிய குத்தகை உரிமையும்தான். கட்டடத்தின் கடன் உங்கள் கடன், கட்டடத்தின் கூரை உங்கள் கூரை.

வக்கீல் வழியாக இவற்றைக் கேளுங்கள்: கடைசி இரண்டு, மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு, இந்த ஆண்டு பட்ஜெட், குறைந்தது இரண்டு ஆண்டு போர்டு (பங்குதாரர்களின் நிர்வாகக் குழு) கூட்டக் குறிப்புகள், ஆஃபரிங் பிளானும் (பங்குகளை விற்க வெளியிட்ட மூல ஆவணம்) அதன் திருத்தங்களும், புரொப்ரைட்டரி லீஸ் (உங்கள் குத்தகை ஒப்பந்தம்), ஹவுஸ் ரூல்ஸ் (குடியிருப்பு விதிகள்). கூட்டக் குறிப்புகளைப் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் படிக்க விடுவார்கள். வக்கீல் அந்த வேலையைத் தட்டிக்கழித்தால் வேறு வக்கீலைப் பாருங்கள். நீர்க்கசிவு, வழக்கு, எரிவாயு நிறுத்தம், மூட்டைப்பூச்சி எல்லாம் விளம்பரத்தில் வராது, அந்தக் குறிப்பில்தான் வரும்.

கணக்கில் முதலில் புரட்ட வேண்டியது கட்டட மார்ட்கேஜ் பற்றிய குறிப்பு. பல கோ-ஆப்களில் இது வட்டி மட்டும் கட்டி, பத்தாம் ஆண்டில் அசல் மொத்தமாக முதிரும் கடன். பழைய வட்டியில் எடுத்தது முதிர்ந்து புது வட்டிக்கு மாறும் மாதத்தில் மெயின்டனன்ஸ் தாவும். ரிசர்வ் நிதி எவ்வளவு, ஸ்பான்சர் (கட்டடத்தைக் கோ-ஆப்பாக்கி விற்றவர்) கையில் இன்னும் எத்தனை வீடு, எத்தனை பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள், இதையும் பாருங்கள். உரிமையாளர்களே குடியிருக்கும் விகிதம் பாதிக்குக் கீழே போனால் வங்கிகள் தயங்கும். நீங்கள் விற்கும்போதும் அதே தயக்கம் வரும்.

#3 கரணை

ஆறு மாடி என்றதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரத்தின் லோக்கல் லா 11 முகப்புச் சோதனை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளரோ கட்டடக் கலைஞரோ செங்கல் செங்கலாகப் பார்த்து அறிக்கை கொடுப்பது, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். ஜாக்ஸன் ஹைட்ஸின் தோட்டக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை ஐந்து, ஆறு மாடியோடு நின்றவை. மெயின்டனன்ஸ் குறைவாக இருக்க இது நேர்மையான காரணம். ஆனால் அதே காரணத்தால் முகப்பை முப்பது ஆண்டாக யாரும் நெருங்கிப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். சட்டம் கேட்கவில்லை என்பதால் ஜன்னல் மேலுள்ள இரும்பு உத்தரம் துருப்பிடிக்காமல் இருக்காது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது மேலே உள்ள செங்கல் வரிசையைத் தூக்கும். தெருவில் நின்று ஜன்னல் தலைகளைப் பாருங்கள்: மூலைகளிலிருந்து படிப்படியாக ஏறும் விரிசல், உத்தரத்தின் மேல் மட்டும் புதுச் சாந்து, வெளியே பிதுங்கிய செங்கல். மூன்றில் எது இருந்தாலும் கூட்டக் குறிப்பில் தேடுங்கள்.

கூரை விளிம்பில் எழும் பாரபெட் சுவருக்கு விலக்கு இல்லை. பொதுவழியை நோக்கிய பாரபெட் உள்ள கட்டடங்களுக்கு 2024 முதல் ஆண்டுதோறும் சோதனை கட்டாயம், மாடி எண்ணிக்கை எதுவானாலும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்லேட் கூரையில் கல் நூறாண்டு தாங்கும். முதலில் போவது ஆணியும், மடிப்புகளில் உள்ள செப்புத் தகடும். உடைந்த ஸ்லேட்டுக்குப் பதில் தார் பூசியிருந்தால் அது பராமரிப்பு அல்ல, தள்ளிப்போட்டது. மேல் மாடி வீட்டின் உட்கூரையில் பழுப்பு வளையங்கள் இருக்கின்றனவா என்று ஆறாம் மாடிக்காரரைக் கேட்பது தப்பே இல்லை.

#4 பிச்சிப்பூ

இருவருக்கும் நன்றி. கணக்கு கைக்கு வந்தது. 60 வீடுகள், மொத்தம் சுமார் 60,000 சதுர அடி. கட்டட மார்ட்கேஜ் 30 லட்சம் டாலர், 3.5 சதவீதம், வட்டி மட்டும், இன்னும் 18 மாதத்தில் முதிர்கிறது. ரிசர்வ் 2,10,000 டாலர். ஸ்பான்சர் வீடு மூன்று. எரிவாயு பாய்லர். போன ஆண்டு பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் 320 டன் என்று ஓர் அறிக்கை இணைத்திருக்கிறார்கள், அது எதற்கு என்று புரியவில்லை.

#5 கணக்குப்பிள்ளை

உங்கள் 890 இனி எவ்வளவு என்று இதை வைத்தே போட்டுவிடலாம்.

30 லட்சத்துக்கு 3.5 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 1,05,000. புதுக் கடன் 6.5 சதவீதத்தில் கிடைத்தால் 1,95,000. வித்தியாசம் 90,000. அறுபது வீட்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 1,500, மாதம் 125. பங்கு எண்ணிக்கைப்படி உங்களுக்குக் கொஞ்சம் கூடும், குறையும். கையோடு கூரை, பாய்லர் வேலைக்குக் கூடுதல் கடன் வாங்கினால் இன்னும் ஏறும்.

320 டன் அறிக்கை லோக்கல் லா 97-க்கு. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வாயு வெளியேற்றத்துக்கு வரம்பு வைத்து 2019-இல் வந்த சட்டம். குடியிருப்புகளுக்கு 2024 முதல் 2029 வரை சதுர அடிக்கு 0.00675 டன், அதாவது உங்கள் கட்டடத்துக்கு 405 டன். 320 உள்ளே வருகிறது, அபராதம் இல்லை. 2030-இலிருந்து வரம்பு கிட்டத்தட்டப் பாதி, சுமார் 201 டன். எதையும் மாற்றாமல் விட்டால் 119 டன் மீறல், டன்னுக்கு 268 டாலர் வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 31,900. வீட்டுக்கு மாதம் 44.

ஆக 890 என்பது சில ஆண்டுகளில் 1,060 பக்கம் என்று வைத்துப் பட்ஜெட் போடுங்கள். அப்படியும் வாங்கலாம் என்றால் வாங்கலாம். ரிசர்வ் 2,10,000 என்பது வீட்டுக்கு 3,500. ஸ்லேட் கூரை உள்ள கட்டடத்துக்கு அது போதாது என்பது என் கருத்து.

#6 நீராவிக்குழாய்

பாய்லரை மட்டும் பார்த்தால் அந்த 320 டன் புரியாது. இந்தக் காலக் கட்டடங்களில் அதிகம் இருப்பது ஒற்றைக் குழாய் நீராவி. ஒரே குழாயில் நீராவி மேலே வரும், குளிர்ந்த நீர் அதிலேயே கீழே இறங்கும். அழகான ஏற்பாடு. அதைப் புரியாமல் கை வைத்தவர்களால்தான் கெட்டுப்போகிறது.

வீட்டுக்குப் போகும்போது ரேடியேட்டர் முன் குனிந்து பாருங்கள். ஒரு முனையில் தரையிலிருந்து வரும் குழாயும் கைப்பிடி வால்வும். எதிர்முனையில் பாதி உயரத்தில் விரல் அளவுக்கு வெள்ளி நிறத்தில் ஒரு குப்பி. அதுதான் ஏர் வென்ட். நீராவி வரும்போது உள்ளே உள்ள காற்றை விட்டுவிட்டு, சூடு பட்டதும் தானே மூடிக்கொள்ள வேண்டும். மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் சில நிமிடம் கேட்டு நின்றால் சரி. நிற்காமல் ஊதினாலும், தண்ணீர் துப்பினாலும், அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தாலும் மாற்ற வேண்டும். சின்னப் பொருள், பெரிய செலவில்லை.

அடுத்தது சாய்வு. ரேடியேட்டர் வால்வு பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். நூறாண்டில் தரை அமுங்கி எதிர்ப்பக்கம் சரிந்திருந்தால் உள்ளே நீர் தங்கும், அடுத்த முறை நீராவி அந்த நீரை அடித்துக்கொண்டு போகும். இரவில் சுத்தியலால் அடிப்பது போல் சத்தம் வருவது இதனால்தான். வென்ட் பக்கக் கால்களின் கீழ் கால் அங்குலக் கட்டை வைத்தாலே நின்றுவிடும். இன்னொன்று: ஒற்றைக் குழாயில் வால்வை முழுக்கத் திறக்க வேண்டும், இல்லை முழுக்க மூட வேண்டும். பாதி மூடினால் இறங்கும் நீருக்கு வழியில்லாமல் அதே சத்தம். சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் ரேடியேட்டருக்கும் வென்ட்டுக்கும் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு போட வேண்டும்.

பாய்லர் அறையையும் கேட்டுப் பாருங்கள். அழுத்தமானி 2 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். 5, 6 என்று ஏற்றி வைத்திருந்தால் மேல் மாடி குளிருக்குத் தப்பான வைத்தியம் செய்திருக்கிறார்கள் என்று பொருள், அது வென்ட்டுகளையும் கெடுக்கும், வாயுவையும் தின்னும். அடித்தளக் குழாய்களில் கல்நார் உறையை அகற்றிவிட்டுப் புது உறை போடாமல் விட்டிருந்தால் நீராவி வழியிலேயே குளிர்ந்து நீராகும். உறையும், மெயின் வென்ட்டுகளும் சரிசெய்தாலே எரிபொருள் நன்றாகக் குறையும். 2030 அபராதத்தைப் பற்றிக் கவலைப்படும் போர்டு முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ் போனால் உள்ளே 68, இரவில் எப்போதும் 62. பழைய ரேடியேட்டர்கள் பெரியவை, ஆகவே குளிரைவிடச் சூடு தாங்காமல் ஜன்னல் திறப்பதுதான் வழக்கமான புகார்.

#7 யாழ்மரம்

வோஷிங் மெஷின் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஹவுஸ் ரூல்ஸை முதல் பாருங்கோ, இந்தக் காலத்துக் கட்டடங்கள் கனக்க இடத்தில தடை. காரணம் வீம்பில்லை. ஒரே கழிவுக் குழாயில மேல் வீடு எல்லாம் சேருது, சவர்க்கார நுரை கீழ் வீட்டுச் சிங்க்காலயும் பாத் டப்பாலயும் மேல வரும். விளம்பரத்தில மெஷின் தெரிஞ்சாலும் அது அனுமதியோட வைச்சதோ எண்டு எழுத்தில கேளுங்கோ. களவாக வைச்சதெண்டால் கழட்டுற செலவு உங்கட தலையில.

குசினியை இடம் மாத்துற யோசனை இருந்தால் விட்டிடுங்கோ. ஈரமான இடம் கீழ் வீட்டுக்காரரின்ர படுக்கையறைக்கு மேல வரக்கூடாது எண்டுறது கோ-ஆப்புகளில பொது விதி. புகைபோக்கியும் அப்பிடித்தான்: வெளியால குழாய் விட அனுமதி இல்லாமல் சுவர் துளைக்கேலாது, பாரம்பரிய வட்டாரம். பெரும்பாலும் உள்ளுக்க சுத்துற கரி வடிகட்டி வைச்ச ஹூட்தான் கிடைக்கும், அது தாளிப்பு வாசத்தை முழுசாப் பிடிக்காது. அதனால குசினிக்கு ஜன்னல் இருக்கோ, அது உண்மையிலயே திறக்குதோ எண்டு கையால தூக்கிப் பாருங்கோ. ஹோல்வேக்கு வாசம் போகாமல் வாசல் கதவின்ர அடியில ஒரு ரப்பர் பட்டி போடலாம். கிரைண்டருக்குக் கீழ தடிச்ச ரப்பர் விரிப்பும் வேணும். தரையில 80 வீதம் கார்ப்பெட் விரிக்கச் சொல்லி விதி இருக்கும், குசினி பெரும்பாலும் அதுக்குள்ள வராது, ஆனால் சத்தம் கீழ போகும்.

#8 மின்கம்பி

இரண்டு துளை பிளக் என்றால் எர்த் இல்லை. உள்ளே இருப்பது துணி சுற்றிய ரப்பர் உறைக் கம்பி, மேலே உருக்குச் சுருள் கவசம். கூரை விளக்குப் பெட்டியில் அந்த ரப்பர் முதலில் உதிரும், பல்பின் சூடு நூறாண்டாக அதன் மேல்தான் பட்டிருக்கிறது. விளக்கைக் கழற்றிப் பார்க்க உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துப் போங்கள். மூன்று துளை பிளக் இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம், எர்த் இல்லாமலே மாட்டியிருப்பார்கள். சோதனைக் கருவி பத்து விநாடியில் காட்டிவிடும். கம்பியை மாற்றும் வரை, மின்கசிவு வந்தால் தானே அணையும் ஜிஎஃப்சிஐ பிளக் போட்டு, "எர்த் இல்லை" என்று அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம். விதி அதை அனுமதிக்கிறது.

பேனலில் எத்தனை சர்க்யூட், மெயின் எத்தனை ஆம்ப்ஸ்? 8,000 பிடியூ ஜன்னல் ஏசி 6, 7 ஆம்ப்ஸ் இழுக்கும். ஒரே 15 ஆம்ப்ஸ் சர்க்யூட்டில் இரண்டு ஏசியும் ஒரு மைக்ரோவேவும் என்றால் ஜூலையில் தினமும் ஃபியூஸ் போகும். வீட்டுப் பேனலைப் பெரிதாக்குவது உங்கள் கையில் இல்லை, அடித்தளத்திலிருந்து ஏறும் ரைசர் என்கிற பொது மின்பாதையில் இடம் இருந்தால்தான். இதை போர்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

எரிவாயுவும் இதோடு சேர்ந்தது. லோக்கல் லா 152-படி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எரிவாயுக் குழாய்ச் சோதனை. கசிவு தெரிந்தால் முழுக் கட்டடத்துக்கும் நிறுத்திவிடுவார்கள். குழாய் மாற்றி, அழுத்தச் சோதனை முடித்து, அனுமதி வாங்கித் திரும்ப வருவதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்புதான். அது 120 வோல்ட்டில் முழு 15 ஆம்ப்ஸ். சமையலறைக்குத் தனி 20 ஆம்ப்ஸ் சர்க்யூட் இல்லாவிட்டால் சோறு வடிக்கவே முடியாது. கடைசிச் சோதனை எப்போது, முடிவு என்ன?

என் யோசனை: குடிபோகும் முன்பே சுவரைத் திறந்து எல்லாக் கம்பியையும் மாற்றிவிடுங்கள். வீடு காலியாக இருக்கும்போதுதான் முடியும்.

#9 கரணை

எல்லாச் சுவரையும் திறப்பதை ஏற்க முடியவில்லை. அந்தச் சுவர்தான் இந்த வீட்டின் பாதி மதிப்பு. மூன்று பூச்சுச் சுண்ணாம்புப் பிளாஸ்டர், முக்கால் அங்குலத்துக்கு மேல் தடிமன், பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்காததற்குக் காரணமே அதுதான். உடைத்துவிட்டு அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தால் அந்த அமைதி திரும்பாது. கூரை ஓரத்து மோல்டிங்கும் போய்விடும். பழைய கவசத்துக்குள்ளிருந்து இழுக்க முடியாது என்பது உண்மைதான், ஆகவே புதுக் கேபிளுக்கு ஸ்கர்ட்டிங் பலகைக்குப் பின்னால் வழி எடுக்கலாம், தேவைப்படும் இடத்தில் மட்டும் குறுகிய பள்ளம் வெட்டலாம்.

கூரை மயிரிழை விரிசலுக்குச் சோதனை இதுதான். ஏணியில் ஏறி விரிசலின் இருபுறமும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். அசையாமல் இருந்தால் மேற்பூச்சு விரிசல், வலை ஒட்டிப் பட்டி பார்த்தால் போதும். தூக்கிக் கொடுத்தால், விரல் முட்டியால் தட்டும்போது பறை போல் வெற்றொலி வந்தால், லாத் என்கிற மெல்லிய மரப்பட்டிகளின் இடுக்கில் பிதுங்கிப் பிடித்துக்கொண்டிருந்த பூச்சுக் கொக்கிகள் உடைந்துவிட்டன. சின்ன இடமென்றால் பிளாஸ்டர் வாஷரும் திருகும் போட்டு மேலே இழுத்துப் பிடிக்கலாம். ஒரு கைவிரிப்பு அகலத்துக்கு மேல் தொங்கினால் இறக்கித்தான் ஆக வேண்டும், தானாக விழுந்தால் எடை அதிகம். பழுப்புக் கறை இருந்தால் முதலில் மேலே என்ன கசிகிறது என்று பாருங்கள்.

எதை உரசினாலும், துளைத்தாலும் முன்பு ஈயம். நியூயார்க் நகரம் வீடுகளில் ஈயப் பெயின்டைத் தடுத்தது 1960-இல், இந்த வீடு அதற்கு முப்பது, நாற்பது ஆண்டு மூத்தது. இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1978-க்கு முந்தைய வீட்டு விற்பனையில் ஈயச் சோதனைக்குப் பத்து நாள் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எக்ஸ்ஆர்எஃப் கருவியால் சுவரைக் கீறாமலே பார்ப்பார்கள். பெயின்ட் கெட்டியாக இருக்கும் சுவரைவிட ஆபத்தானது ஜன்னல் சட்டம்: ஏற்றி இறக்கும்போது உரசி உரசித் தூளாகும், குழந்தை அந்த விளிம்பில்தான் கை வைக்கும். வீட்டில் பத்து வயது வரை பிள்ளை இருந்தால் ஜன்னல் காப்புக் கம்பியும் சட்டப்படி வேண்டும்.

அனுமதி தேவைப்படும் எந்த வேலைக்கும் முன்னால் கல்நார் ஆய்வாளர், அந்த வேலை கல்நாரைக் கிளறாது என்று சொல்லும் ஏசிபி-5 படிவம் தர வேண்டும். சமையலறையில் லினோலியத்துக்குக் கீழே ஒன்பது அங்குலச் சதுர ஓடு தெரிந்தால் பிடுங்காதீர்கள், மேலேயே புதுத் தரை போடுங்கள்.

#10 நீராவிக்குழாய்

குளியலறை வெந்நீர் விட்டுப்போயிற்று. குளிர்நீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெதுவென்றால் சுவருக்குள் கால்வனைஸ் இரும்புக் கிளைக்குழாய் துருவால் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம், வெந்நீர்ப் பக்கம்தான் முதலில் அடைக்கும். முதலில் குழாய் முனையின் வலையையும் ஷவர் கார்ட்ரிட்ஜையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், சில நேரம் அவ்வளவுதான். அது இல்லையென்றால் லீஸில் குழாய்ப் பொறுப்பு எங்கே பிரிகிறது என்று படியுங்கள். சுவருக்குள் இருப்பது கட்டடத்துடையது, வெளியே தெரிவது உங்களுடையது என்பது வழக்கம், ஆனால் கிளைக்குழாயை வாங்குபவர் தலையில் கட்டும் லீஸும் உண்டு. ஓட்டையைக் கட்டடம் அடைக்கும், உடைத்த டைலுக்குப் பணம் தராது. ரீமாடல் செய்யும் நாளில் கிளைக்குழாயைச் செம்பாக மாற்றி, வீட்டுக்கென்று தனி ஷட்-ஆஃப் வால்வும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் மாடிகளுக்கு ஏறும் முழுப் பொதுக் குழாயையும் மூட வேண்டும்.

#11 வடக்குவாசல்

இடத்தைப் பற்றி. 1909-இல் குவீன்ஸ்பரோ பாலம் திறந்ததையும், 1917-இல் மேம்பால ரயில் வந்ததையும் நம்பி, குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் வயல்வெளியை வாங்கிக் கட்டிய ஊர் இது. தெரு ஓரம் கட்டடம், நடுவே முழு பிளாக் நீளத்துக்குத் தோட்டம். ஷாட்டோ, டவர்ஸ், லிண்டன் கோர்ட் மூன்றும் ஆண்ட்ரூ தாமஸ் வடிவமைத்தவை. வீடுகள் ஆழம் குறைவாக, இருபுறமும் காற்று வரும்படி வரைந்தார்கள். அன்று யூதர்களுக்கும் கறுப்பினத்தவர்க்கும் விற்க மறுத்த ஊர், இன்று 74-ஆம் தெருவில் வெற்றிலையும் முருங்கைக்காயும் கிடைக்கிற ஊர். 7-ஆம் ரயிலில் ஏறினால் ஃபிளஷிங் இறங்கிக் கணேசர் கோயில்.

1993 முதல் பாரம்பரிய வட்டாரம். வெளியே தெரியும் எதை மாற்றினாலும் லேண்ட்மார்க்ஸ் ஆணைய அனுமதி. பழைய ஓனர் அனுமதியில்லாமல் ஜன்னல் மாற்றியிருந்து மீறல் நிலுவையில் இருந்தால், உங்கள் அடுத்த அனுமதி அங்கேயே நிற்கும். முகவரியைப் போட்டால் மீறல்கள் நகர இணையதளத்தில் தெரியும். ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு அருகே என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து ரயில் ஒன்று போகும்வரை நில்லுங்கள். லாகார்டியா விமானச் சத்தம் காற்றின் திசைக்கேற்ப மாறும், ஒரே நாள் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

தோட்டத்தைப் பார்ப்பது வேறு, தோட்டத்தில் உட்காருவது வேறு. சில கோ-ஆப்களில் பிள்ளைகள் விளையாடக் கூடாது. விதியைக் கேளுங்கள்.

#12 பிச்சிப்பூ

அரிய தகவல்கள். போர்டு விண்ணப்பமும், ஊர்ப் பணமும் மட்டும் பாக்கி. 25 சதவீதம் முன்பணம் கேட்கிறார்கள்.

#13 கணக்குப்பிள்ளை

25 சதவீதம் என்றால் 1,43,750. கடன் 4,31,250. முப்பது ஆண்டு, 6.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 2,726. மெயின்டனன்ஸ் 890 சேர்த்து 3,616. இது வருமானத்தில் 28 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று போர்டு கேட்டால் ஆண்டு வருமானம் 1,55,000 தேவை. கார் கடன், படிப்புக் கடன் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். க்ளோசிங்குக்கு (விற்பனை முடிந்து வீடு கைமாறும் நாள்) பிறகும் பன்னிரண்டு மாதச் செலவு, அதாவது 43,400 வரை, கையில் ரொக்கமாக இருப்பதைப் பல போர்டுகள் எதிர்பார்க்கின்றன. ஓய்வூதியக் கணக்கை முழுதாக ஏற்பதில்லை.

ஒரு லாபம்: கோ-ஆப் கடனுக்கு மார்ட்கேஜ் பதிவு வரி கிடையாது. இதே கடனுக்கு, வீட்டையே பத்திரத்தோடு வாங்கும் காண்டோவில் 1.8 சதவீதம், 7,760 டாலர் போயிருக்கும். நீங்களே குடியிருந்தால் கோ-ஆப் வரித் தள்ளுபடியும் உண்டு. ஆனால் சில போர்டுகள் அதற்குச் சமமாக அசெஸ்மென்ட் (மெயின்டனன்ஸுக்கு மேல் ஒரு கூடுதல் வசூல்) போட்டு அந்தத் தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன, பட்ஜெட்டில் பாருங்கள்.

ஊர்ப் பணம்: எல்ஆர்எஸ் (இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்) வழியில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை. ஆண்டுக்குப் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் உள்ள தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியை வங்கியே பிடிக்கும். அது பெற்றோரின் வரிக் கணக்கில் திரும்பும், ஆனால் உடனே இல்லை. ஆகவே அனுப்ப நினைப்பதைவிடக் கூடுதலாக ரொக்கம் தயார் வைக்க வேண்டும். நீங்கள் அமெரிக்க வரிக் கணக்கில் குடியிருப்பவர் என்றால், ஓர் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்பு 1,00,000 டாலரைத் தாண்டினால் 3520 படிவம் கட்டாயம். வரி இல்லை, ஆனால் தாக்கல் செய்யத் தவறினால் அன்பளிப்புத் தொகையில் மாதத்துக்கு 5 சதவீதம், 25 சதவீதம் வரை அபராதம். பணம் விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இங்குள்ள கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கட்டும். திருப்பித் தர வேண்டியதில்லை என்ற கிஃப்ட் லெட்டரும் வேண்டும்.

விசா பற்றிக் கேட்டால் பயப்பட வேண்டாம். குடியுரிமை நிலையை வைத்து மறுப்பது நகர மனித உரிமைச் சட்டத்துக்கு எதிரானது. வருமானம் தொடருமா என்று காட்டும் வேலைக் கடிதத்தைத் தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையில்: 18 மாதத்தில் முதிரும் கடனும், மெலிந்த ரிசர்வும் எழுத்தில் இருக்கும் உண்மைகள். மாதம் 125 கூடும் என்பதை அப்படியே காட்டிப் பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தில் மூன்றை வக்கீல் எழுதட்டும்: கையெழுத்துக்கு முன் அறிவித்த அசெஸ்மென்ட் முழுதும் விற்பவர் பொறுப்பு, ஃபிளிப் டாக்ஸ் (விற்கும்போது கோ-ஆப்புக்குப் போகும் கட்டணம்) யார் கட்டுவது, போர்டு மறுத்தாலும் வங்கிக் கடன் மறுத்தாலும் 10 சதவீத டெபாசிட் திரும்ப வர வேண்டும்.

#14 மின்கம்பி

கரணை சொன்ன ஸ்கர்ட்டிங் வழி சரிதான், படுக்கையறைகளுக்கு அது போதும். சமையலறையும் குளியலறையும் மட்டும் திறந்தால் கழிவுக்குழாய், வெந்நீர்க் கிளை, 20 ஆம்ப்ஸ் சர்க்யூட் மூன்றும் ஒரே உடைப்பில் முடியும். வீட்டில் வேலை செய்ய கோ-ஆப்போடு போடும் ஆல்டரேஷன் அக்ரிமென்ட்டில் வேலை நாள்களுக்கு வரம்பு இருக்கும், தாண்டினால் நாள் கணக்கில் அபராதம். கோடையில் மட்டும்தான் வேலை என்று சொல்லும் கட்டடங்களும் உண்டு. க்ளோசிங் தேதியை அதைப் பார்த்து வையுங்கள்.

#15 கரணை

தரையைத் தேய்க்கும் முன் ரேடியேட்டர் குழாய் ஏறும் துளையில் பலகையின் தடிமனை அளந்து பாருங்கள். இந்தக் காலத்து ஓக் பட்டைகள் பல 5/16 அங்குலம்தான், மேலிருந்து ஆணி அடித்தவை. ஆணித் தலைகள் ஏற்கெனவே பளபளவென்று தெரிந்தால் இனி இயந்திரம் வைக்கக் கூடாது. பழைய பூச்சின் மேல் லேசாகத் தேய்த்துப் புதுப் பூச்சு மட்டும். அந்த வால்நட் ஓரம் ஒருமுறை தேய்ந்து போனால் போனதுதான்.